ஊதினால் ஓடும் கார்

திங்கட்கிழமை காலை 6.40. வென்ட்வேர்த்வில் ரயில் நிலையத்துக்கு எதிரே, இன்னும் ஷட்டர் தூக்காத மளிகைக் கடையின் வாசலில் வைத்து குணம் என்னை முகர்ந்து பார்த்தார். வணக்கம் சொல்லக் கிட்ட வருகிறார் என்று நினைத்தேன். அவர் என் காதருகே மூக்கை நீட்டி ஒரு மூச்சு இழுத்துவிட்டு விலகினார்.

"குறை நினைக்காதேங்கோ ஐயா. முகத்துக்கு ஏதும் பூசினனீங்களோ?"

"சவரம் பண்ணிட்டு லோஷன் போட்டேன்."

"அதுதான். வலப்பக்கக் கண்ணாடியை… இல்லை, உங்கட பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு வாங்கோ. கைக்கு சானிடைசர் வைச்சிருக்கிறீங்களோ? அதை டிக்கிக்குள்ள போடுவம்."

குணத்துக்கு நாற்பத்தாறு வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். மெல்பர்னின் தென்கிழக்கே டாண்டினொங்கில் குடியிருக்கிறார். ஒரு ரொட்டித் தொழிற்சாலையின் விநியோக வேனை அதிகாலையில் ஓட்டுகிறார். சிட்னியில் சனிக்கிழமை நடந்த ஒரு கல்யாணத்துக்காகத் தனியாக வந்திருந்தார். என் மகன் வென்ட்வேர்த்வில்லில் இருக்கிறான். பக்கத்து வீட்டு நந்தன் குணத்தின் மச்சான். மெல்பர்னில் இருக்கும் பழைய சக நிருபர் ஒருவரைப் பார்க்க நான் விமானத்துக்கு விலை பார்த்துக்கொண்டிருந்தபோது, "எங்கட குணம் தனியத் தான் போறான், அவனோட போங்கோ" என்றார் நந்தன். பெட்ரோலுக்கு அறுபது டாலர் தருவது என்று பேச்சு. தூரம், கிட்டத்தட்ட எண்ணூற்றெழுபது கிலோமீட்டர்.

சானிடைசர் டிக்கிக்குப் போனது. நந்தனின் மனைவி எனக்கென்று கொடுத்தனுப்பிய கல்யாணக் கேக்கையும் குணம் வாங்கிப் பார்த்தார். இலங்கைக் கல்யாணங்களில் கேக்கைச் சிறு துண்டாக்கி, மினுமினுத்தாளில் சுற்றிக் கொடுப்பார்கள். அவர் அதையும் டிக்கியில் வைத்தார்.

"இதுக்குள்ள பிராண்டி விட்டிருப்பினம். வீட்ட போய்ச் சாப்பிடுங்கோ."

பிறகு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, டாஷ்போர்டின் கீழிருந்து சுருள் கம்பியில் தொங்கிய ஒரு கருவியை எடுத்தார். பழைய வாக்கி டாக்கி அளவு இருக்கும். அதன் குழாயில் வாய் வைத்து நீளமாக ஊதினார். ஊதும்போதே தொண்டையில் "ம்ம்ம்" என்று முனகினார். முனகாமல் ஊதினால் கருவி ஒப்புக்கொள்ளாதாம். பலூன், பம்பு எதையாவது வைத்து ஏமாற்றிவிடக் கூடாது என்பதற்காக. முன்கண்ணாடிக்கருகே ஒரு சின்ன கேமரா அவரைப் படம் பிடித்தது. கருவி ஒரு முறை பீப் என்றது. அதற்குப் பிறகுதான் சாவியைத் திருப்ப முடிந்தது.

இன்டர்லாக் என்று இதற்குப் பெயர். குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டவர்களின் காரில் பொருத்துவது. கேள்விப்பட்டிருக்கிறேனே தவிர, இப்படிப்பட்ட காரில் ஏறியது அன்றுதான். நந்தன் இதைப் பற்றி என்னிடம் வாய் திறக்கவில்லை. மகனும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்திருக்க வேண்டும். எண்ணூற்றெழுபது கிலோமீட்டருக்கு என் உயிரை யார் கையில் கொடுத்திருக்கிறார்கள் என்று யோசித்துக்கொண்டே பெல்ட்டை மாட்டினேன்.

7.20. மேற்கு சிட்னியின் சுங்கச் சாலையை விட்டு ஹியூம் நெடுஞ்சாலைக்குள் நுழைந்தோம். வேக வரம்பு நூற்றுப்பத்து. கருவி திடீரென்று கூவியது. ஓடிக்கொண்டிருக்கும்போதும் அவ்வப்போது ஊதச் சொல்லுமாம், எப்போது என்று முன்கூட்டித் தெரியாதாம். ஊத சில நிமிடம் அவகாசம் உண்டு. குணம் ஓரமாக நிறுத்தி, ஊதி, முனகினார். பீப்.

"சனிக்கிழமை கண்டனீங்கள் தானே, நந்தன் என்னை என்னெண்டு கூப்பிட்டவன்?"

பார்த்தேன். நந்தன் அழைத்து அந்தக் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன். மண்டபத்தில் மதுவுக்கு அனுமதி இல்லை. ஆகவே ஆண்கள் கார் நிறுத்துமிடத்தில், திறந்த டிக்கியைச் சுற்றி பிளாஸ்டிக் கோப்பைகளோடு நின்றார்கள். உள்ளே தாலி கட்டி முடிந்த நேரம். குணம் இஞ்சிச் சோடாவோடு கொஞ்சம் தள்ளி நின்றார். "வாடா மவுத் ஆர்கன், ஒரு பாட்டு ஊது" என்று நந்தன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். குணமும் சிரித்தார். பிறகு நந்தன் கோப்பையைக் காலி செய்துவிட்டுத் தன் காரின் ஓட்டுநர் கதவைத் திறந்ததையும் பார்த்தேன். "ரெண்டுதான் அங்கிள்" என்று அவராகவே என்னிடம் சொன்னார். நான் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

"அவனும் பிடிபட்டவன்தான்," என்றார் குணம். "தெரியுமோ?"

தெரியாது.

"சிட்னியில. புள்ளி பூச்சியம் ஆறு. நான் மெல்பர்னில. புள்ளி பூச்சியம் அஞ்சு மூண்டு. எனக்கு அவனிலும் குறைவு, பாருங்கோ. ரெண்டு பேருக்கும் முதல் தரம். அவனுக்கு அறுநூத்துச் சொச்சம் தண்டம், மூண்டு மாசம் லைசன்ஸ் இல்லை. அவ்வளவுதான், முடிஞ்சுது. எனக்குத் தண்டம், மூண்டு மாசம் லைசன்ஸ் கான்சல், வகுப்புக்குப் போய் இருந்து படிக்க வேணும், பிறகு ஆறு மாசம் இந்தச் சனியன். இதுக்கு மாசா மாசம் வாடகை வேற. கழட்டின பிறகும் மூண்டு வருசத்துக்கு ஒரு சொட்டும் தொடேலாது. ஒரே நாடு, ஒரே பியர்."

குறை சொல்கிறவர் தரும் எண்களைச் சரிபார்ப்பது என் பழக்கம். மெல்பர்ன் போன பிறகு இரண்டு மாநில அரசுகளின் இணையப் பக்கங்களையும் பார்த்தேன். நான் போன சமயத்து நிலவரப்படி அவர் சொன்னது சரிதான். நூறு மில்லி ரத்தத்தில் ஐம்பது மில்லிகிராம் ஆல்கஹால், அதாவது 0.05, என்பதே முழு லைசென்ஸ்காரர்களுக்கு இரண்டு இடத்திலும் எல்லை. அதைச் சற்றே தாண்டி முதல் முறை பிடிபட்டால், சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸில் அபராதமும் மூன்று மாத இடைநிறுத்தமும். கருவி அதற்கு மேற்பட்ட அளவுகளுக்கும் மீண்டும் மீண்டும் பிடிபடுகிறவர்களுக்கும்தான். மெல்பர்ன் இருக்கும் விக்டோரியாவில் அந்தச் சின்ன அளவுக்கே கருவி. குயின்ஸ்லாந்தில் எல்லாமே நீதிமன்றத்துக்குப் போகும் என்றும், பேர்த்தில் முதல் முறை என்றால் அபராதமும் தண்டப் புள்ளிகளும் மட்டும்தான் என்றும் அவர் அடுக்கிக்கொண்டே போனார். பெரும்பாலும் பிழையில்லை. தன் வழக்கைத் தலைகீழ்ப் பாடமாக வைத்திருக்கும் ஆட்களை நீதிமன்ற வராந்தாக்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். சட்டம் முழுக்கச் சரியாகச் சொல்வார்கள். சம்பவத்தைத்தான் சுருக்கிவிடுவார்கள்.

"எவ்வளவு குடிச்சீங்க?"

"ரெண்டு பியர். போன ஜூலை. ஸ்பிரிங்வேலில ஒரு பிறந்தநாள் சாப்பாடு. பின்னேரம் அஞ்சு மணிக்கு வீட்ட வாறன், றோட்டில பூஸ் பஸ்ஸை விட்டிருக்கினம்."

பூஸ் பஸ் என்பது போலீஸ் மூச்சுப் பரிசோதனைக்காகத் தெருவில் நிறுத்தும் பெரிய வண்டி. சந்தேகப்பட்டவரை மட்டுமல்ல, வருகிற எல்லோரையும் நிறுத்தி ஊதச் சொல்வார்கள்.

ரெண்டு பியர். நந்தன் சொன்ன அதே ரெண்டு. என் ஊரில் செய்தி சேகரித்த நாட்களிலும் பிடிபட்டவர்கள் சொன்ன எண்ணிக்கை அதுவேதான். ஒன்று என்றால் யாரும் நம்பமாட்டார்கள், மூன்று என்றால் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

8.55. கோல்பர்ன். காப்பி ஐந்தரை டாலர். வென்ட்வேர்த்வில்லில் வாங்கி வந்த மட்டன் ரோல்ஸை காரில் சாய்ந்து நின்று சாப்பிட்டோம். மே மாதக் குளிர். வயல்வெளி மேல் பனி இன்னும் கலையவில்லை. கழிவறையிலிருந்து திரும்பியபோது குணம் டிக்கியைத் திறந்து குனிந்து நிற்பதைப் பார்த்தேன். ஒரு பழுப்பு நிறப் போத்தலைத் துவாலையில் சுற்றி, பைக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார். மூடியை விரலால் அழுத்தி, விரலை முகர்ந்தார். என்னைப் பார்த்ததும் டிக்கியைச் சாத்தினார். அவசரமாகச் சாத்தியதாகத்தான் எனக்குப் பட்டது.

"என்ன அது?"

"சாமான். ஒழுகுதோ எண்டு பார்த்தனான்."

காரில் ஏறினார். ஊதினார், முனகினார். பீப். கருவி அவரை நம்பியது. நான் நம்பத் தயாராக இல்லை. என் சானிடைசரைப் பறிமுதல் செய்தவர், கேக்கைக் கூட விடாதவர், துவாலைக்குள் என்ன வைத்திருக்கிறார்? சிட்னிக் கல்யாணத்தில் மிஞ்சியதா?

அடுத்த முன்னூறு கிலோமீட்டருக்கு யாஸ், குண்டகாய் என்று ஊர்ப் பலகைகள் வந்தன. ஊர்கள் வரவில்லை, சாலை எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு போகிறது. செத்த கங்காருக்கள் ஓரத்தில் கிடந்தன. பதினொரு மணிவாக்கில் ஒரு முறை கருவி கூவியது. ஊதி முடித்ததும் குணம் ஸ்டியரிங்கைத் தட்டினார்.

"புதன்கிழமை, ஐயா. புதன் பின்னேரம் மூண்டு மணிக்குக் கழட்டக் குடுத்திருக்கு. கடைசி அஞ்சு மாசம் ஒரு பிழையும் பதியக் கூடாது. எனக்கு ஒண்டும் இல்லை. இண்டைக்கு, நாளைக்கு, நாளையிண்டைக்கு. ஒரு பிழை விழுந்துதெண்டால் கணக்கு திரும்பவும் முதல்ல இருந்து."

"வேலை?"

"வேன் ஓடத்தான் என்னை எடுத்தவங்கள். இந்த மெஷின் பூட்டாத வாகனம் நான் ஓடேலாது. இப்ப ஒன்பது மாசமா உள்ளுக்கை தட்டு அடுக்குறன். முதலாளி நல்ல மனுசன், ஜூன் வரைக்கும் பாக்கிறன் எண்டவர். ஜூனுக்கு மேல அவரும் வேற ஆளைத்தான் எடுப்பார்."

முதலில் அவர் வேன் ஓட்டுகிறார் என்றுதான் என்னிடம் சொல்லியிருந்தார். திருத்தத்தை மனதில் குறித்துக்கொண்டேன்.

12.15. ஹோல்புரூக். கடலிலிருந்து சில நூறு கிலோமீட்டர் தள்ளி, புல்வெளி நடுவே ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் மேற்பாதி நிற்கிறது. எவ்வளவோ தூரத்திலிருந்து கொண்டுவந்து, தண்ணீருக்குப் பதில் புல்லில் மிதக்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள். அதன் நிழலில் இருந்த மர மேசையில் சாப்பாட்டைப் பிரித்தோம். நந்தன் வீட்டு இடியப்பம், சொதி, இறைச்சிக் கறி. குணம் அளவில்லாமல் சாப்பிட்டார். பிறகு வயிற்றைத் தடவினார்.

"கல்யாணச் சாப்பாடு மூண்டு நாளா. வயிறு ஊதிக்கொண்டு நிக்குது. வழமையா ராத்திரியில, படுக்கேக்கை தான் எடுக்கிறனான். இண்டைக்கு இப்பவே எடுப்பம்."

டிக்கியைத் திறந்தார். துவாலையைப் பிரித்தார். போத்தல் வெளியே வந்தது. எனக்கு எதிரிலேயே, ஒளிவு மறைவில்லாமல், அளவு மூடியில் ஊற்றி, தண்ணீர் கலந்து ஒரே வாயில் குடித்து, முகத்தைச் சுளித்தார். காற்றில் வந்த வாசனை எனக்குத் தெரிந்ததுதான். கருப்பட்டி, வேர், புளித்த திராட்சை. போத்தலை வாங்கிப் பார்த்தேன். தசமூலாரிஷ்டம்.

"இது மருந்தாச்சே."

"ஓம், மருந்துதான். கோண்டாவில் அன்ரி ஊரில இருந்து கொண்டு வந்து தந்தவ. வாயுவுக்கு நல்லது. ஏறுங்கோ, போவம்."

அவர் ஏறி உட்கார்ந்து கருவியைக் கையில் எடுத்துவிட்டார். நான் லேபிளைப் படித்துக்கொண்டிருந்தேன். பொடி எழுத்தில் கடைசி வரி: தானாக உருவாகும் ஆல்கஹால், எட்டு சதவீதம் வரை. அரிஷ்டம் என்பது மூலிகைக் கஷாயத்தை வெல்லம் போட்டுப் புளிக்க வைப்பது. அதில் யாரும் சாராயம் ஊற்றுவதில்லை. அதுவே தன்னைச் சாராயமாக்கிக்கொள்கிறது.

"ஊதாதீங்க!"

என் குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. கப்பலைப் படமெடுத்துக்கொண்டிருந்த ஒரு தம்பதி திரும்பிப் பார்த்தார்கள். குழாய் அவர் உதட்டிலிருந்து ஓர் அங்குலத்தில் நின்றது.

"என்ன ஐயா?"

"இதுல ஆல்கஹால் இருக்கு. பியர்ல இருக்கிறதைவிட ஜாஸ்தி."

"என்ன விசர்க் கதை கதைக்கிறீங்கள்! இது வெள்ளாளச் சைவ வீட்டு மருந்து. பிள்ளை பெத்த பெண்டுகளுக்குக் குடுக்கிறது. அன்ரி வெங்காயமும் தொடாத ஆள், அவ எனக்குச் சாராயமே தந்தவ?"

லேபிளை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன். படித்தார். மறுபடியும் படித்தார். கருவியை மெதுவாக, தொட்டால் வெடிக்கும் சாமான் போல, அதன் கொக்கியில் மாட்டினார். காரை விட்டு இறங்கி, கதவைத் திறந்தபடியே விட்டு, நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

சானிடைசர், கேக், என் முகத்து லோஷன் வாசனை, எல்லாவற்றையும் காருக்குள்ளிருந்து ஒழித்தவர் இந்த ஒன்றை மட்டும் தன் கையாலேயே சுற்றி ஏற்றியிருக்கிறார். குடி என்பது போத்தலிலும், கோப்பையிலும், கார் டிக்கியைச் சுற்றி நிற்கும் ஆண்களிடமும் இருப்பது. அன்ரி கொண்டுவருவது மருந்து. இரண்டும் ஒன்றாக முடியும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அல்லது, தோன்றாதது போல் நடிக்கிறார். அப்போதும் எனக்கு அந்த இரண்டாவது எண்ணம் போகவில்லை. லேபிள் ஒன்று சொல்லலாம், உள்ளே இருப்பது வேறாக இருக்கலாம். மருந்துப் போத்தலில் வேறு சரக்கை ஊற்றி வைத்திருந்தவர்களைப் பற்றி நான் எழுதியிருக்கிறேன்.

"வாயை நல்லாக் கொப்பளிங்க," என்றேன். "அரை மணி நேரம் இருப்போம். மருந்துன்னா வாயில ஒட்டியிருக்கிறது போயிடும், மெஷின் விட்டுடும். வேற எதாவதுன்னா அரை மணியில போகாது."

கடைசி வாக்கியத்தின் பொருள் அவருக்குப் புரிந்துவிட்டது.

"நீங்களும் பொலிஸ்தான்," என்றார். பிறகு தண்ணீர்ப் போத்தலைத் தூக்கிக்கொண்டு புல்வெளி ஓரத்துக்குப் போய்க் கொப்பளித்தார். திரும்பவும் கொப்பளித்தார். கப்பலைச் சுற்றி நடந்தார். ஒரு சுற்று முடிந்து என் பக்கம் வரும்போதெல்லாம் "இன்னும் எவ்வளவு?" என்றார். ஒரு தடவை, "ஜூனுக்குப் பிறகு வதனி என்னோட கதைக்க மாட்டா" என்றார். வதனி அவர் மனைவி. முதியோர் இல்லத்தில் வேலை. வீட்டில் இருப்பது இந்த ஒரு கார்தான். பிள்ளையைப் பள்ளியில் விடவும் வேலைக்குப் போகவும் அவரும் இதே குழாயில்தான் ஊத வேண்டியிருக்கிறது. பள்ளி வாசலில், மற்ற தாய்மார் பார்க்க.

12.55. ஏறினோம். குணம் கருவியை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு ஊதினார். "ம்ம்ம்" என்ற முனகல் பாதியில் நடுங்கியது. கருவி வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டதாக எனக்குத் தோன்றியது. உண்மையில் அதே நேரம்தான் இருந்திருக்கும்.

பீப்.

அவர் நெற்றியை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டார். போத்தலில் இருந்தது அரிஷ்டமேதான். அந்த விஷயத்தில் என் சந்தேகத்தை நான் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

1.40. ஆல்பரியைத் தாண்டி, இரண்டு மாநிலங்களுக்கும் எல்லையான மரி ஆற்றைக் கடந்தோம். பாலம் ஒரு நிமிடம் கூட இல்லை. விக்டோரியா உங்களை வரவேற்கிறது என்று பலகை. தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே பழுப்பு, கரையில் ஒரே வகை யூகலிப்டஸ். குணம் கட்டை விரலால் பின்பக்கம் காட்டினார்.

"அந்தக் கரையில பிடிபட்டிருந்தால் எனக்கு எல்லாம் எப்பவோ முடிஞ்சிருக்கும்."

அப்போது நான் ஒரு கேள்வி கேட்டேன். நிருபர் புத்தி; கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அன்னிக்கு ஜூலையில, பிறந்தநாள் சாப்பாட்டுக்குப் பிறகும் இந்த மருந்தைக் குடிச்சீங்களா?"

அவர் ஒரு சரக்கு லாரியை முந்தினார்.

"குடிச்சிருப்பன்," என்றார் பிறகு.

வாங்கரட்டா தாண்டியதும், கேட்காமலே: "ஓம் ஐயா, குடிச்சனான். யோசிச்சுப் பார்த்தன். குடிச்சனான்தான்."

3.10. பெனல்லா அருகே பெட்ரோல் போட நிறுத்தினோம். லிட்டர் ஒரு டாலர் எண்பத்தொன்பது. பெட்ரோல் குழாயைப் பிடித்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டு மூடி. அண்டைக்கும் இறைச்சிச் சாப்பாடு. வயிறு ஊதினது. அப்ப பியர் இல்லை ஐயா, மருந்துதான் என்னைக் கவிட்டது. அஞ்சு மூண்டு தானே? மூண்டு நாலு குறைஞ்சிருந்தால் நான் தப்பி."

நூறு கிலோமீட்டருக்குள், நினைவில்லாத ஒன்று இரண்டு மூடியாகிவிட்டது. தூரம் போகப் போகக் கூர்மையாகும் சாட்சியத்தை எந்த ஆசிரியரும் முதல் பக்கத்தில் போடமாட்டார். ஆனால் கணக்கு பொய்யில்லை. எல்லையில் நிற்பவரைத் தள்ளிவிட அதிகம் தேவையில்லை. பஸ்ஸுக்குள் இரண்டாவது முறை பெரிய கருவியில் ஊத வைப்பதற்குள் வாயில் ஒட்டியது போயிருக்கும் என்றேன். "ஆனால் ரத்தத்தில கொஞ்சம் ஏறியிருக்குமே?" என்றார். கொஞ்சம் ஏறியிருக்கலாம் என்றேன். அந்தக் "கொஞ்சத்தை" அவர் மெல்பர்ன் வரை பிடித்துக்கொண்டு வந்தார். வழியில் இரண்டு முறை கருவி கூவியது. இரண்டு முறையும் பாட்டுப் பாடுகிறவர் போல முனகினார்.

6.05. டாண்டினொங். இருட்டிவிட்டது. வதனி கதவைத் திறந்தார். நாற்பது வயது இருக்கும். வேலைச் சீருடையை இன்னும் மாற்றவில்லை. "வாங்கோ அங்கிள், பயணம் சுகமோ?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் குணம் போத்தலை மேசை மேல் வைத்துவிட்டார்.

"இந்தா, இதுதான் ஆள்! இதுக்குள்ள சாராயம். ஐயா பேப்பர்க்காரர், அவர் கண்டுபிடிச்சவர். ஜூலையில நான் மாட்டினது இதாலதான். சொல்லுங்கோ ஐயா."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். இன்று ஹோல்புரூக்கில் நடந்தது எனக்குத் தெரியும் என்றும், ஜூலையில் நான் அங்கே இல்லை என்றும் சொன்னேன். குணத்துக்கு அந்தப் பதில் போதவில்லை. வதனி லேபிளைப் படித்தார். போத்தலைத் திருப்பி ஒரு முறை பார்த்தார். சமையலறைக்குப் போய், பிட்டும் மீன் குழம்பும் கொண்டுவந்து வைத்தார். சாப்பாடு முழுக்க குணம் பேசினார். நந்தனுக்குத் தொலைபேசியில் அழைத்து, "டேய், நான் குடிகாரன் இல்லையடா, மருந்துகாரன்!" என்று சிரித்தார். அந்தப் பக்கமும் சிரிப்பு கேட்டது.

செவ்வாய்க்கிழமை காலை 7.30. குணம் அதற்கு முன்பே தொழிற்சாலைக்குப் போய்விட்டார், ஒரு சகதொழிலாளி வந்து கூட்டிப்போனார். என்னை ரயில் நிலையத்தில் விட வதனி காரை எடுத்தார். பின் இருக்கையில் அவர்கள் மகள், காதில் இயர்போனோடு. வதனி குழாயில் ஊதி முனகினார். கணவரைவிடச் சுருக்கமாக, பழகிய வேலை போல. பீப்.

தெரு முனை வந்ததும் சொன்னார்:

"அங்கிள், அவருக்கு அந்த யோசனையைக் குடுத்தது நீங்களோ?"

"நான் கேள்வி மட்டும்தான் கேட்டேன். அன்னிக்கும் குடிச்சீங்களான்னு."

"ம்." சிக்னலில் நின்றோம். "அன்ரி அந்தப் போத்தலைக் கொண்டு வந்தது இந்தத் தைப்பொங்கலுக்கு. அதுக்கு முதல் எங்கட வீட்டில இந்த மருந்தே இல்லை. அவர் பிடிபட்டது அதுக்கு முந்தின ஜூலை."

குணம் வேண்டுமென்று பொய் சொன்னார் என்று இப்போதும் என்னால் எழுத முடியாது. பாலத்தில் நான் ஒரு வாசல் திறந்தேன். பெனல்லாவுக்குள் அவர் அதில் குடியேறிவிட்டார்.

"நேற்றே சொல்லியிருக்கலாமே."

"பிள்ளை இருந்தவள். நீங்கள் விருந்தாளி." பச்சை விழுந்தது. "நந்தன் அண்ணைக்கு மெஷின் பூட்டேல்லை. அவற்ற மனிசி சனிக்கிழமை ராத்திரி எனக்கு மெசேஜ் போட்டவ, இவர் திரும்பவும் குடிச்சிட்டுக் கார் ஓடிக்கொண்டுதான் வந்தவர், எனக்குக் கை கால் நடுங்குது எண்டு. எனக்கு ஆறு மாசமா அந்த நடுக்கம் இல்லை. ஆக்கள் பாக்கினம், வெக்கம்தான். எண்டாலும் இது பீப் எண்டால் பீப்."

எங்கள் ஊரில் எல்லை இதைவிடக் குறைவு, நூறு மில்லிக்கு முப்பது மில்லிகிராம். சட்டமும் நாடு முழுக்க ஒன்று. ஆனால் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தியதும் ஆள் முதலில் தொடுவது ஊதும் குழாயை அல்ல, கைபேசியை. யாரைக் கூப்பிட்டால் விடுவார்கள் என்பதே அங்கு கணக்கு. இங்கே ஆற்றுக்கு ஆறு தண்டனை மாறுகிறது, யாரையும் கூப்பிட முடிவதில்லை. எது மேல் என்று வதனியிடம் கேட்கலாம் போலிருந்தது. கேட்கவில்லை. முந்தின நாள் கேட்ட ஒரு கேள்வியே போதும்.

நிலைய வாசலில் ஓரமாக நிறுத்தினார். என்ஜினை அணைக்கவில்லை, அணைத்தால் மறுபடியும் ஊத வேண்டிவரலாம். நான் டிக்கியிலிருந்து பையையும் சானிடைசரையும் எடுத்துக்கொண்டேன். நசுங்கிப்போன கேக்கும் இருந்தது. அதை மகளிடம் நீட்டினேன். அவள் தாயைப் பார்த்தாள். வதனி வேண்டாமென்று தலையை அசைக்க, "தாங்க்ஸ்" என்று கையை இழுத்துக்கொண்டாள்.

"நாளைக்கு மூணு மணிக்குத்தானே கழட்டுறாங்க?" என்றேன்.

"ஓம்."

"தைப்பொங்கல் விஷயத்தை அவர்கிட்ட சொல்வீங்களா?"

"சொல்ல மாட்டன்." கையை நீட்டி, தொங்கிக்கொண்டிருந்த கருவியை அதன் கொக்கியில் சரியாக மாட்டினார். "இது கழண்டு கொஞ்ச நாள் போகட்டும். ஒரு நாள் சும்மா கேப்பன், ஜூலையில எத்தினை குடிச்சனீங்கள் எண்டு. என்ன சொல்லுறார் எண்டு பாப்பம்."

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, பள்ளிக்கூடப் பக்கம் காரைத் திருப்பினார்.